வீட்டில் செய்த கயாக் ஆடுகிறது, நிரம்பினால் முங்குகிறது: நுரையை எங்கே வைப்பது?

ரோஸ்ஹில்_தச்சன்:

எல்லோருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தில் ஒரு கயாக் (உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) செய்து முடித்திருக்கிறேன். 4 மி.மீ. மரைன் பிளைவுட், பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து எபாக்ஸியால் ஒட்டி, வெளியே ஃபைபர் துணி போட்டது. நீளம் 4.2 மீட்டர், அகலம் 60 செ.மீ., காலியாக 22 கிலோ. நடுவில் உட்காரும் குழி, முன்னும் பின்னும் மூடிய மேல்தளம். உள்ளே தடுப்புப் பலகை எதுவும் கிடையாது, அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஒரே வெற்றிடம்.

இங்கே மொரிஷியஸில், ஃப்ளிக் அன் ஃப்ளாக்கில் லகூனுக்குள் (பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்) இறக்கிப் பார்த்தோம். நேராகப் போகிறது, வேகமும் பரவாயில்லை, ஆனால் ஆட்டம் தாங்கவில்லை, சும்மா திரும்பிப் பின்னால் பார்த்தாலே ஒரு பக்கம் சாய்கிறது. மச்சான் ஏறியதும் கவிழ்ந்தே விட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகுதான் முழுக்க நிரம்பி, அமரம் அடியில் போய் அணியம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கரைக்கு இழுத்துக் கவிழ்த்து நீரை வெளியேற்றுவதற்குள் எல்லோருக்கும் முதுகு போய்விட்டது.

இப்போது என் யோசனை: கூரைக்குப் போடும் நீல நிற நுரைப் பலகை 5 செ.மீ. தடிப்பில் கிடைக்கிறது, அதைத் தரை முழுக்க ஒட்டி அதன் மேல் உட்காரலாம் என்று பார்க்கிறேன். மிதப்பும் கூடும், அடியில் காற்று நிறைய இருப்பதால் ஆட்டமும் குறையும் இல்லையா? வேலையிடத்தில் ஒருவர் அதெல்லாம் வேண்டாம், கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரே நுரையை முன்னாலும் பின்னாலும் அடித்து நிரப்பிவிடு என்கிறார். நான் 80 கிலோ. லகூனுக்குள் மட்டும்தான் போவேன், தூண்டில் போட ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சுக்கான்:

தரையில் ஒட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நீங்கள் இரண்டு வேறு வேறு பிரச்சினைகளை ஒரே நுரையால் தீர்க்கப் பார்க்கிறீர்கள். படகுக்குள் தண்ணீர் இல்லாதவரை உள்ளே இருக்கும் நுரை ஒன்றுமே செய்வதில்லை. உங்கள் எடையும் படகின் எடையும் சேர்ந்து 102 கிலோ, படகு 102 கிலோ தண்ணீரை ஒதுக்கித் தள்ளி மிதக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது காற்றா நுரையா என்று வெளியே இருக்கும் தண்ணீருக்குத் தெரியவா போகிறது? நுரைக்கு வேலை வருவது படகு நிரம்பும்போது மட்டும். அப்போது தண்ணீர் வர வேண்டிய இடத்தை நுரை பிடித்து வைத்திருக்கும்.

ஆட்டம் என்பது வேறு கணக்கு. அதை முடிவு செய்வது இரண்டு விஷயம், நீர்மட்டத்தில் படகின் அகலம், உங்கள் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. 5 செ.மீ. நுரையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால் உங்கள் 80 கிலோவையும் 5 செ.மீ. தூக்குகிறீர்கள். 60 செ.மீ. அகலப் படகில் அது பெரிய தூக்கல், இப்போதைய ஆட்டம் இன்னும் மோசமாகும். இப்போது எதன் மேல் உட்காருகிறீர்கள்? மரப்பலகை இருக்கை வைத்திருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தரையில் 1 செ.மீ. ரப்பர் பாய் மட்டும் போட்டு, முதுகுக்கு ஒரு பட்டை கட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இதுதான்.

இன்னொன்று. அடியில் ஒட்டிய நுரை நிரம்பிய படகில் வம்பு செய்யும். நுரை மேலே வரப் பார்க்கும், அது அடியில் இருப்பதால் படகே புரண்டு அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும். நிரம்பினாலும் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் நுரை இரண்டு முனையிலும், நடுப்பகுதியில் மேல்விளிம்புக்குக் கீழே இரு பக்கச் சுவரை ஒட்டி உயரத்திலும் இருக்க வேண்டும். உட்காரும் குழியின் இரு பக்கமும் தொடைக்கு இடைஞ்சல் இல்லாமல் பக்கத்துக்கொரு பட்டையாக நுரை வைத்தால் இரட்டை லாபம், நிரம்பும் தண்ணீரும் குறையும். குழியில் 50 லிட்டர் தேங்கினால் அது 50 கிலோ, சாய்கிற பக்கமெல்லாம் சேர்ந்து ஓடும், எப்பேர்ப்பட்டவனும் அதில் நிதானமாக உட்கார முடியாது.

ஸ்ப்ரே நுரை வேண்டவே வேண்டாம். அது காற்றின் ஈரத்தில் இறுகுவது. மூடிய இடத்தில் கனமாக அடித்தால் வெளித்தோல் இறுகி உள்ளே பிசுபிசு என்றே கிடக்கும், பிறகு தண்ணீரையும் உறிஞ்சும். இரண்டு டப்பா கலந்து ஊற்றும் பாலியூரிதேன் நுரை இதைவிட மேல்தான், ஆனால் அது பொங்கும் வேகத்தில் 4 மி.மீ. பலகையை வெளியே தள்ளிவிடும். மரத்தோடு ஒட்டிக்கொள்வதால் இடையில் புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லை, உளுக்க ஆரம்பிப்பது கண்ணுக்கும் தெரியாது.

---

பிரோக்_மாமா:

தம்பி, நான் மாயேபூர்ப் பக்கம். கயாக் எனக்குத் தெரியாது, பிரோக் (எங்கள் மீன்பிடிப் படகு) தெரியும். மரப் படகு தன் மரத்தாலேயே கொஞ்சம் மிதக்கும், அதனால் உன் படகு தொலைந்து போகாது. ஆனால் நிரம்பிய படகில் ஏறி உட்கார்ந்து தண்ணீரை இறைக்க முடிய வேண்டும், அதற்குத்தான் மிதவை. நுரை வாங்கக் காசு செலவழிக்கும் முன் பாட்டிலைப் பார். 2020 ஆகஸ்டில் வாகாஷியோ கப்பலின் எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தபோது ஊரே கூடிக் கரும்புச் சோகையைத் துணியிலும் வலையிலும் திணித்துத் தைத்துத் தடுப்பு செய்தது. அது முங்காமல் இருக்கக் கட்டியது காலி பிளாஸ்டிக் பாட்டில்தான்.

ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவைத் தாங்கும். 30 பாட்டில் என்றால் 45 கிலோ. தண்ணீர் விற்கிற மெல்லிய பாட்டில் எடுக்காதே, கையால் அமுக்கினாலே நொறுங்குகிறது. சோடா, கோலா வந்த பாட்டில்தான் வேண்டும், அது வாயுவின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது மூடி போடு. வெயிலில் மூடினால் கடலில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி பாட்டில் ஒடுங்கிவிடும்.

எல்லாவற்றையும் வலைப்பையில் போட்டு அணியத்தில் ஒரு மூட்டை, அமரத்தில் ஒரு மூட்டை. கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண நேரத்தில் அந்த மூட்டைக்கு எடையே கிடையாது, அதனால் நைலான் நூலால் சும்மா ஒரு முடிச்சு போட்டுவிடுகிறார்கள். படகு நிரம்பினால் ஒவ்வொரு மூட்டையும் இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். பிடுங்கிக்கொண்டு குழி வழியாக வெளியே வந்து மிதக்கும், படகு கீழே, பாட்டில் மேலே. மேல்தளத்தின் அடியில் மரக்கட்டை ஒட்டி அதில் கயிறு மாட்டு.

மீன் பெட்டி தெர்மாக்கோலை உடைத்துப் போடாதே. மணி மணியாக உதிர்ந்து லகூன் முழுக்கக் குப்பை, பெட்ரோல் பட்டால் கரைந்தும் போகும்.

அப்புறம் நீ இறங்கிய இடம். ஃப்ளிக் அன் ஃப்ளாக் மேற்குக் கரை. தென்கிழக்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் மரமும் கட்டிடமும் மறைப்பதால் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும், உள்ளே போகப் போகக் காற்று ஏறும், திரும்பி வரும்போது அதை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது இன்னும் அதிகம். பவளப்பாறை மேல் அலை தூக்கிப் போடும் தண்ணீரெல்லாம் பாஸ் (பாறையில் இருக்கும் இடைவெளி) வழியாகத்தான் வெளியேறும், அந்த வாய்க்குப் பக்கத்தில் ஆடுகிற படகோடு போகாதே. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைப்பதல்ல, உடம்பில் போட்டுக்கொள்.

---

ரோஸ்ஹில்_தச்சன்:

இருவருக்கும் நன்றி. இருக்கை மரப்பலகைதான், தரையிலிருந்து 7 செ.மீ. உயரம், முட்டி வலிக்கும் என்று வேண்டுமென்றே வைத்தது. நாளைக்கே கழற்றுகிறேன். மாமா, காற்று விஷயம் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி. தடுப்புப் பலகை வைத்து இரண்டு முனையையும் காற்றறையாக மூடிவிட்டால் பாட்டிலோ நுரையோ தேவையா? மச்சான் 110 மி.மீ. பிவிசி குழாயில் இரண்டு பக்கமும் அவுட்ரிகர் (படகிலிருந்து தள்ளி நிற்கும் பக்க மிதவை) போட்டுவிடு, ஆட்டமே இருக்காது என்கிறார். அது சரிப்படுமா, இல்லை வெறும் வேடிக்கையா?

---

உப்புக்காற்று:

தடுப்புப் பலகை கட்டாயம் வையுங்கள், இந்தப் படகுக்குச் செய்யக்கூடிய ஒரே பெரிய மாற்றம் அதுதான். பின்பலகை முதுகுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, முன்பலகை பாதம் நீட்டும் இடத்துக்குச் சற்று அப்பால். குழி சின்னதாகும், நிரம்பினாலும் நூறு நூற்றைம்பது லிட்டரோடு நிற்கும், அணியத்தைத் தூக்கிக் கவிழ்த்தால் பெரும்பகுதி தானே கொட்டிவிடும். ஆனாலும் காற்றறையை மட்டும் நம்ப வேண்டாம். திறந்து மூடும் மூடி கசியும், பவளத்தில் உரசினால் 4 மி.மீ. பலகை ஓட்டையாகும். அதனால் அறைக்குள்ளேயே மாமா சொன்ன பாட்டில் மூட்டையை வையுங்கள். நுரைதான் வேண்டும் என்றால் அந்த நீலப் பலகையை வெட்டி அடுக்கலாம், அது எக்ஸ்பிஎஸ் (ஒருவகைப் பாலிஸ்டைரீன் நுரை), ஒரு கன மீட்டர் 30 கிலோ அளவுதான் இருக்கும், 100 லிட்டர் வைத்தாலும் 3 கிலோதான் கூடும். ஒட்டும் பசையில் கவனம். கடையில் தரும் மஞ்சள் நிறக் கான்டாக்ட் பசையும் பிரோக்குக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினும் இந்த நுரையைத் தின்றுவிடும். எபாக்ஸி ஒன்றும் செய்யாது.

அவுட்ரிகர் வேடிக்கை இல்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு 9.5 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். பக்கத்துக்கு 1.2 மீட்டர் என்றால் 11 லிட்டருக்கு மேல், குழாயின் சொந்த எடையைக் கழித்தால் கையில் நிற்பது 9 கிலோ. அதைப் படகின் நடுக்கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி வைத்தால் உங்கள் 80 கிலோவைப் பக்கவாட்டில் 8 செ.மீ. நகர்த்தும் அளவுக்குத் தாங்கும், அதுவும் படகுக்கு ஏற்கெனவே இருக்கும் நிலைப்புக்கு மேல். கையை நீட்டி மீனைத் தூக்க அது தாராளம். எழுந்து நிற்க மாத்திரம் போதாது.

செய்யும்போது, குழாயின் முன்முனையில் 45 பாகை எல்போ போட்டு மேல்நோக்கித் திருப்பி மூடியை ஒட்டுங்கள், இல்லையென்றால் சிறு அலையிலும் முனை குத்தி உள்ளே போகும். மூடுவதற்கு முன் நீச்சல்குளத்தில் பிள்ளைகள் வைத்திருக்கும் நூடுல் மிதவை ஒன்றை உள்ளே திணித்துவிட்டால் குழாய் விரிசல் விட்டாலும் நிரம்பாது. குறுக்குக் கம்பி அலுமினியம், இருக்கைக்குப் பின்னால், துடுப்பு தட்டாத தூரத்தில். மேல்தளத்தின் அடியில் தடித்த பலகை ஒட்டி அதில் போல்ட் போடுங்கள், பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவதெல்லாம் ஒரு பருவம்கூட வராது, வெயிலில் பொடிந்துவிடும். உயரம் முக்கியம். நீங்கள் நேராக உட்கார்ந்திருக்கும்போது குழாய் இரண்டும் நீருக்கு மேலே 3 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். சாயும்போதுதான் ஒரு பக்கம் தொட வேண்டும், இரண்டும் எப்போதும் நீரில் உரசினால் துடுப்புப் போட்டே களைத்துவிடுவீர்கள்.

---

டர்பன்_துடுப்பு:

நான் இதில் வேறு கட்சி. நல்ல கயாக்குக்கு இரண்டு ஊன்றுகோல் எதற்கு? 60 செ.மீ. அகலம் ஒன்றும் குறுகல் இல்லை, இங்கே தென்னாப்பிரிக்காவில் டூசி ஆற்றுப் படகுப் போட்டியில் ஓட்டும் படகையெல்லாம் பார்த்தால் உங்கள் படகு கட்டிலாகத் தெரியும். இடுப்பைத் தளர்த்தி உட்காருங்கள், மேலுடம்பு நேராக, படகு ஆடட்டும், நீங்கள் ஆடாதீர்கள். துடுப்பின் பட்டையை நீர்மேல் தட்டித் தாங்கிக்கொள்வதைப் பழகுங்கள். முட்டி இரண்டும் மேல்தளத்தின் அடியில் படும்படி நுரைக்கட்டை ஒட்டினால் படகு உடம்போடு சேர்ந்துகொள்ளும். ஆட்டம் என்று புதியவர்கள் சொல்வதில் பாதி பயம்.

அவுட்ரிகர் பக்கவாட்டு அலையில் மாட்டினால் கம்பியையும் முறிக்கும், மேல்தளத்தையும் பிய்க்கும். இங்கே அலை உடையும் கரையில் அதோடு இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. கடலுக்கு என்றால் மேலே உட்காரும் மூடிய படகுதான், நிரம்ப அதில் இடமே இல்லை.

மிதவை விஷயத்தில் மேலே சொன்னதற்கெல்லாம் ஆமாம். ஆற்றில் நிரம்பிய படகு பாறையில் போய் மோதினால் சில நூறு கிலோ தண்ணீரோடு மோதுகிறது, இரண்டாக மடிந்துவிடும். முனைகளில் மிதவை இல்லாத படகில் நான் ஏறுவதில்லை.

---

உப்புக்காற்று:

அண்ணா, உங்கள் கரை வேறு, அவர் கரை வேறு. அவர் உடைகிற அலையில் இறங்கவில்லை, பவளப்பாறைக்கு உள்ளே மார்பளவுத் தண்ணீரில் தூண்டில் போடப் போகிறார். தூண்டில் போடும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும், துடுப்பு மடியில் கிடக்கும், அப்போது துடுப்பால் தட்டித் தாங்குவது எப்படி? பயம் பாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முதலில் இருக்கையை இறக்கிவிட்டு அவுட்ரிகர் இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டச் சொல்கிறேன், கழற்றி மாட்டும்படி செய்தால் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

நடுவழி ஒன்றும் உண்டு. அதே நூடுல் மிதவைகளைத் துணி உறையில் போட்டு, உட்காரும் பகுதியின் இரு பக்கமும் வெளிச்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கட்டலாம். பக்கத்துக்கு 3 செ.மீ. கூடினாலே, தொடும் இடத்தில் அகலம் 60-லிருந்து 66 ஆகிறது. நிலைப்பு அகலத்தின் மும்மடியோடு ஏறுவதால், 10 சதவீதம் அகலம் கூடினால் அந்த இடத்தில் 33 சதவீதம் கிடைக்கும். படகு முழு நீளத்துக்கும் இல்லாததால் மொத்தத்தில் இதைவிடக் குறைவாகவே வரும், ஆனாலும் உட்கார்ந்த உடனே தெரியும். நேராகப் போகும்போது நீரில் படாது, வேகமும் போகாது.

---

டர்பன்_துடுப்பு:

கழற்றி மாட்டும்படி என்றால் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. கவிழ்ந்தபின் ஏறும்போது குறுக்குக் கம்பிக்கு முன்னால் பக்கமாக ஏறச் சொல்லுங்கள், பின்னாலிருந்து ஊர்ந்து வரும் முறை கம்பி இருந்தால் நடக்காது.

---

ரோஸ்ஹில்_தச்சன்:

சரி, அப்படியென்றால் என் வரிசை இது: இருக்கையைக் கழற்றுகிறேன், தடுப்புப் பலகை இரண்டு, உள்ளே கோலா பாட்டில் மூட்டை, குழியின் பக்கங்களில் நீல நுரைப் பட்டை, வெளியே நூடுல். அவுட்ரிகர் பிறகு பார்க்கலாம், மச்சானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், குழாய் வாங்கியே வைத்துவிட்டார். இன்னும் தாழ்வாக எடை வேண்டுமென்றால் மணல் மூட்டை வைக்கலாமா?

---

சுக்கான்:

மணல் வேண்டாம், நிரம்பினால் அதுவும் சேர்ந்து கீழே இழுக்கும். 5 லிட்டர் கேனில் குடிநீர் நிரப்பி இரண்டைத் தரையில் முதுகுப் பலகைக்கு முன்னால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். படகு நிமிர்ந்திருக்கும்வரை அது 10 கிலோ பாரம். கடலில் முங்கினால் அது ஏறக்குறைய எடையே இல்லாதது, நன்னீர் கடல்நீரைவிட இலேசு. வெயிலில் குடிக்கவும் ஆகும்.

தடுப்புப் பலகையில் மேல்பக்கம் 2 மி.மீ. துளை ஒன்று போட மறக்காதீர்கள். கார்க் கூரை மேல் ஏற்றி வெயிலில் போகும்போது அறைக்குள் காற்று விரிந்து ஒட்டிய இடத்தைப் பிளக்கும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், கவலை வேண்டாம். எதை ஒட்டுவதற்கும் முன் உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பூசி முடித்திருக்க வேண்டும், நுரை ஒட்டியபின் அந்த மூலைக்குத் தூரிகை போகாது. நுரைப் பட்டைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் தேங்காமல் ஓடட்டும்.

எல்லாம் முடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள், காற்று இல்லாத நாளாக, துணைக்கு ஆளோடு. எந்த முனை தாழ்கிறதோ அங்கே இன்னும் நாலு பாட்டில். பிறகு நிரம்பிய படகிலேயே ஏறி உட்காருங்கள். குழியின் விளிம்பு நீருக்கு மேலே நின்றால் வாளியால் இறைக்கலாம். விளிம்பும் நீரும் சமமாக இருந்தால் இறைக்க இறைக்க உள்ளே வந்துகொண்டேயிருக்கும், அப்போது மூட்டையைப் பெரிதாக்க வேண்டியதுதான்.